முகம் பார்க்கிற உருட்டு

நாம் பேசும்போது எதிரில் இருப்பவர் இடையிடையே தலையாட்டுவார், ‘ம்’ கொட்டுவார். அக்கா அதைச் செய்யமாட்டார். வாக்கியம் முடியும்வரை முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல் நம்மையே பார்த்துக்கொண்டிருப்பார். முடிந்த பிறகும் ஒரு மூச்சு விடுகிற நேரம் காத்திருந்து, அப்புறம்தான் “சரி” என்பார். முதல்முறை அவரிடம் பேசியபோது ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது என்று பயந்து, சொன்னதையே மூன்று விதமாகத் திருப்பிச் சொன்னேன். மூன்றையும் கேட்டுவிட்டு, “இதுல எத நான் எடுத்துக்கணும்?” என்றார். கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நாங்கள் எல்லோரும் அவரை அக்கா என்றே கூப்பிட்டோம். பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. இருபத்தெட்டு வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். தமிழில் சொல்வதை மலாயில் சொல்ல வேண்டும், மலாயில் கேட்பதைத் தமிழில் கேட்க வேண்டும். “நான் பேசுறது எதுவும் நான் பேசுறது இல்ல. அதான் அந்த வேலைல எனக்குப் பிடிச்சது” என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார். ஓய்வு பெற்று இப்போது தைப்பிங்கில் தங்கை வீட்டில் இருக்கிறார். தீபாவளிக்கு வாழ்த்து அனுப்பினால் பதில் வரும், முற்றுப்புள்ளியோடு.

ஞாயிற்றுக்கிழமைகளில் மதியம் இரண்டு மணிக்கு பிரிக்பீல்ட்ஸில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் அவர் ஆட்டம் நடத்துவார். சென்டர் அவருடைய தோழியுடையது. கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. மாடிக்கு ஏறும்போதே ரசம் வாடை கூட வரும். வகுப்பறை மேசைகள் நான்கைச் சேர்த்துப் போட்டு, சுற்றி உட்காருவோம். ஆளுக்கு ஒரு தாள். தாளில் ஒரு கற்பனை ஆள்: வாள் வீரன், மந்திரவாதி, பூசாரி, திருடன், எது வேண்டுமோ அது. நடத்துகிறவர், “குகை வாசல்ல நிக்கிறீங்க, உள்ள இருந்து புகை வாடை வருது” என்பார். அதற்கு மேல் என்ன செய்கிறோம் என்று நாம் சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்று சந்தேகமான காரியமாக இருந்தால் பகடை உருட்ட வேண்டும். நாலு பக்கப் பகடையிலிருந்து இருபது பக்கப் பகடை வரைக்கும் உண்டு. இதற்கு விதிப் புத்தகங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் செங்கல் கனம். ஐம்பது வருடத்துக்குள் அந்த விதிகளை மாற்றி மாற்றி ஐந்து பதிப்பு எழுதியிருக்கிறார்கள். அக்காவிடம் ஐந்து பதிப்பும் இருந்தன.

என்னை அங்கே கூட்டிப்போனவன் குமரேசன். செந்தூலில் பள்ளி ஆசிரியர், என் பழைய வகுப்புத் தோழன். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. கார் விபத்து இழப்பீடு கேட்டு வருகிற மனுக்களைச் சரிபார்ப்பது என் வேலை. இடித்த கதையைக் கேட்டு, படத்தைப் பார்த்து, யார் பொய் சொல்கிறார் என்று எழுதிக் கொடுப்பேன். அதில் நான் கெட்டிக்காரன் என்று ஆபீசில் பெயர்.

முதல் நாள் என் கையில் ஒரு மந்திரவாதி. உயிர்ப் புள்ளி மூன்று, மந்திரம் ஒன்று. ஒரு நாளைக்கு ஒருமுறைதான் அதைப் போடலாம்.

“மூணு பேரு நெருப்பச் சுத்தி உக்காந்திருக்காங்க. உங்க இடுப்பு உயரந்தான் இருப்பாங்க. பச்சைத் தோலு. ஈட்டியெல்லாம் சுவத்துல சாத்தி வச்சிருக்காங்க” என்றார் அக்கா.

“கோப்ளின் லா, குட்டிப் பூதம்” என்று குமரேசன் என் காதில் சொன்னான்.

“மந்திரம் போட்டு மூணு பேரையும் தூங்க வைக்கிறேன். அப்புறம் வெட்டிடலாம்” என்றேன்.

“இருங்க. அவங்க இன்னும் ஒண்ணும் செய்யலயே.”

சாதாரண ஆறு பக்கப் பகடை இரண்டை எடுத்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மேசை நடுவில் உருட்டினார். ஒன்பது. கறுப்பு ஃபைல் ஒன்றில் ஒரு பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார்.

“அதுல வயசானவரு எந்திரிக்கிறாரு. ஈட்டிய எடுக்கல. ‘வர்ற வழியில ஒரு ஆட்டப் பாத்தீங்களா, காதுல வெள்ளையா மச்சம் இருக்கும்’னு கேக்குறாரு.”

பொறி என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அடுத்த அரைமணி நேரம் அந்தக் கோப்ளினை நான் விசாரித்தேன். ஆடு எப்போது காணாமல் போனது, கயிறு எங்கே, ஏன் மற்ற இருவரும் தேடப் போகவில்லை. அக்கா எல்லாவற்றுக்கும் அந்தக் கிழவரின் குரலில் பொறுமையாகப் பதில் சொன்னார். கடைசியில் பார்த்தால் அவருக்கு உண்மையிலேயே ஆடு காணாமல் போயிருந்தது. அவ்வளவுதான்.

அதே நாளில் என் மந்திரவாதி ஒரு பெட்டியைத் திறந்தான். பூட்டில் விஷ ஊசி இருந்தது. இருபது பக்கப் பகடையில் எனக்கு நாலு விழுந்தது. பழைய பதிப்பில் விஷம் என்றால் சாவுதான், நடுவில் ஒன்றும் கிடையாது. அக்கா புதுத் தாள் ஒன்றை என் பக்கம் தள்ளினார்.

“வருத்தமா இருக்கா?”

“இல்லக்கா, வெளாட்டுதானே.”

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கொஞ்சம் இருக்கு” என்றேன்.

“சரி.”

கோப்ளின்களைக் கண்டதும் உருட்டினாரே, அந்த இரண்டு பகடைக்கு அவர் வைத்திருந்த பெயர் ‘முகம் பார்க்கிற உருட்டு’. பழைய பதிப்பில் அதற்கு ஒரு சின்ன அட்டவணை உண்டு. வழியில் யாரைப் பார்த்தாலும், மனிதனோ மிருகமோ பூதமோ, அவர் நம்மை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்று முதலில் உருட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு விழுந்தால் உடனே பாய்வார். பன்னிரண்டு விழுந்தால் நண்பராகிவிடுவார். இரண்டு பகடையில் அதிகமாக விழுவது ஏழு. அந்த ஏழுக்கும் அதன் இரு பக்கத்து எண்களுக்கும் நேரே, ‘இன்னும் முடிவு செய்யவில்லை’ என்று போட்டிருக்கும்.

“பாதி நேரம் இங்கதான் வந்து விழும்” என்று அந்த வரியில் விரலை வைத்துக் காட்டுவார். “நாம அவங்கள யாரு என்னன்னு யோசிக்கிறோம். அவங்களும் நம்மள அதையேதான் யோசிச்சிட்டு இருப்பாங்க.”

அடுத்தடுத்து வந்த பதிப்புகளில் அந்த அட்டவணை தேய்ந்துபோய், ஓரமாக ஒதுங்கி, கடைசியில் எங்களுக்குக் கண்ணிலேயே படவில்லை. அக்கா விடவில்லை. வருடத்துக்கு ஒரு பதிப்பு என்று எங்களை ஆட வைத்தவர், எந்தப் பதிப்பு ஆடினாலும் அந்த ஒரு பக்கத்தை மட்டும் கூடவே தூக்கிக்கொண்டு வந்தார்.

“அக்கா, இந்தப் பதிப்புல அது இல்ல லா” என்பான் குமரேசன்.

“இல்லதான். நான் கொண்டாரேன்.”

இதைக் கேட்டால் அவர் இரக்க மனசுக்காரர் என்று தோன்றும். எனக்கும் கொஞ்ச நாள் அப்படித்தான் தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில், ஆற்றங்கரையில் ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். அக்காவே பாடிக் காட்டினார், தாலாட்டு மாதிரி. குமரேசனுடைய வீரன் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் போனான். அக்கா உருட்டினார். இரண்டு. பாட்டு பாதியில் நின்றது. அவள் அவனைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டாள். குமரேசன் அந்த வீரனை இரண்டு வருடமாக வளர்த்திருந்தான். அவனுக்கு ஓர் அம்மா, ஊர், நொண்டிக் குதிரை எல்லாம் உண்டாக்கி வைத்திருந்தான்.

“அக்கா, ஒரு தடவ. இன்னொரு தடவ உருட்டுங்க.”

அக்கா பகடையைத் தொடவில்லை. “ரெண்டு விழுந்திருக்கு, குமரேசன்.”

அடுத்த வாரம் அவன் வரவில்லை. சமாதானம் சொல்ல அக்கா போன் பண்ணவும் இல்லை. எனக்கு அது கல்நெஞ்சாகப் பட்டது, வீட்டுக்குப் போகும்போது ஷாலினியிடம் சொல்லவும் செய்தேன். ஷாலினி பூச்சோங்கில் பல் மருத்துவமனையில் தாதி, எங்கள் குழுவில் திருடி வேடம் அவளுடையது. “அவன் கோவமா இருக்கானா, வெக்கப்படுறானான்னு அக்காவுக்குத் தெரியாதில்ல. தெரியாம போயி என்ன சொல்றது?” என்றாள். இரண்டு வாரம் கழித்துக் குமரேசன் புதுத் தாளோடு வந்தான். வெட்கம்தான் என்று பிறகு சொன்னான். ஒரு காகித ஆளுக்காகக் கண் கலங்கிவிட்டதாம்.

கறுப்பு ஃபைலில் இன்னொரு சமாச்சாரமும் இருந்தது. ஐந்து பத்தி போட்டு, ஒவ்வொரு விதியையும் ஐந்து பதிப்பும் எப்படிச் சொல்கின்றன என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தார். கவசம் பழைய பதிப்புகளில் எண் குறையக் குறைய நல்லது, மூன்றாம் பதிப்பில் அதைத் தலைகீழாக்கி, கூடக் கூட நல்லது என்று ஆக்கினார்கள். உயிர்ப் புள்ளி தீர்ந்தால் முதலில் சாவு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இளகி, ஐந்தாம் பதிப்பில் சாகக் கிடக்கிறவனுக்கும் பிழைக்க உருட்டிப் பார்க்க வாய்ப்பு வந்துவிட்டது. நான்காம் பதிப்பை யாருமே மதிப்பதில்லை. கட்டம் கட்டமாக நகர்த்தி ஆடுகிற தாயம் என்று குமரேசன் திட்டுவான். அக்கா அதையும் விட்டுக்கொடுக்க மாட்டார். “சண்டைய அதவிட ஒழுங்கா எதுவும் நடத்தல. அதுக்குப் பேசத்தான் வராது.”

எது சரியான பதிப்பு என்று ஒருமுறை கேட்டேன்.

“ஒரே சாட்சி அஞ்சு தடவ வாக்குமூலம் குடுத்திருக்காருன்னு வச்சிக்குங்க. எது பொய்யின்னு உடனே போவாதீங்க. எது எப்ப சொன்னது, யாருகிட்ட சொன்னது, அத மொதல்ல பாருங்க.”

பூச்சோங்கில் ஒரு விளையாட்டுக் கடைக்கு மாதம் ஒருமுறை போவார். புதுப் பதிப்பைத் தவிர வேறெதுவும் விளையாட்டே இல்லை என்று அங்கே ஒரு கூட்டம் உண்டு. ஒருநாள் நானும் கூடப் போனேன். தாடி வைத்த ஒருவர் பழைய விதிகளை இருபது நிமிடம் கிழித்தார். அக்கா தலையாட்டாமல் கடைசிவரை கேட்டுவிட்டு, “நீங்க சொன்னதுல ரெண்டாவது விஷயம் எந்தப் பக்கத்துல இருக்கு?” என்றார். அவர் எடுத்துக் காட்டினார். அக்கா நன்றி சொல்லி, அங்கேயே உட்கார்ந்து ஃபைலில் திருத்தம் போட்டார். தோற்ற மாதிரியே இல்லை, சந்தையில் நல்ல மீன் கிடைத்தவர் மாதிரி வீடு திரும்பினார்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அவராகச் சொன்னது ஒரே ஒருமுறை. ஆட்டம் முடிந்து கீழே தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், அடிதடி வழக்கு ஒன்றில், தோட்டத்து ஆள் ஒருவர் சாட்சிக் கூண்டில் நின்று, “அய்யா, அவர அடிக்கணும்ன்னு நான்…” என்று இழுத்திருக்கிறார். இளம் மொழிபெயர்ப்பாளர், வேகத்தைக் காட்டும் ஆசை. சாட்சி முடிப்பதற்குள் அக்கா மலாயில், அடிக்க நினைத்ததாகச் சொல்கிறார் என்று ஆரம்பித்துவிட்டார். அந்த ஆள், “…நெனச்சதே இல்லைங்கய்யா” என்று முடித்தார்.

“தமிழ்ல ஆமாவும் இல்லையும் கடைசில வருது” என்றார் அக்கா. “அன்னிக்கே திருத்திட்டேன். எழுதுனத அடிச்சிட்டு வேற எழுதிக்கிட்டாங்க, ஒண்ணும் ஆவல. ஆனா அந்த மனுஷன் என்னப் பாத்தாரு பாருங்க. அவரு பேச்சு என்னன்னே அவருக்குத் தெரியாம போயிருச்சு.” அப்புறம் தேநீரில் இருந்த பாலேட்டை விரலால் எடுத்துப் போட்டுவிட்டு, பேச்சை மாற்றினார்.

செல்வராசு எங்களோடு சேர்ந்தது ஒரு கலவரத்தில். டிராகன் ஒன்றைச் சூழ்ந்து நின்று நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தோம். கதவு திறந்தது. மாவுக் கையோடு ஒருவர் நின்றார். கீழே கடையில் சமையல் மாஸ்டர், நாற்பது வயதிருக்கும். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து பெர்மிட்டில் வேலைக்கு வந்தவர்.

“கொல்லு கொல்லுன்னு சத்தம் கேட்டுச்சு. யாருக்கும் எதும் ஆயிருச்சான்னு வந்தேன்.”

“இன்னும் ஆவல” என்றார் அக்கா. “வேலை இருக்கா?”

“அஞ்சு மணி வரைக்கும் இல்லைங்கக்கா.”

“அப்ப உக்காருங்க.”

குமரேசனுக்கு இஷ்டமில்லை. புத்தகம் முழுக்க ஆங்கிலம், இவருக்குச் சொல்லிச் சொல்லி ஆட்டம் ஆமை வேகத்தில் போகும் என்றான். எனக்கும் அதே எண்ணம்தான், சொல்லவில்லை. அக்கா அடுத்த வாரத்துக்குள் முக்கியமான விதிகளைத் தமிழில் எழுதிக்கொண்டு வந்துவிட்டார். உயிர்ப் புள்ளி, கவசத் தரம், தப்பும் உருட்டு எல்லாம் அப்படி வந்த பெயர்கள்தான். ஆட்டத்தை நடத்துகிறவருக்கு ‘நடத்துநர்’ என்று போட்டிருந்தார். செல்வராசு அதைப் படித்துவிட்டு, “டிக்கெட்டு கிழிப்பீங்களாக்கா?” என்று கேட்டார். அக்கா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அவர் பூசாரி வேடம் எடுத்துக்கொண்டார். நாங்கள் விதியைப் பார்த்து ஆடுவோம், அவர் ஆளைப் பார்த்து ஆடுவார். மலைக் கணவாயில் ஒரு ராட்சசன் வழிமறித்தான். அக்கா உருட்டியதில் ஐந்து விழுந்தது, பகை. நாங்கள் வாளை உருவினோம். செல்வராசு மட்டும், “அவரு அடுப்புல என்னக்கா இருக்கு?” என்று கேட்டார். “கஞ்சி” என்றார் அக்கா. “ஒத்தையாளாக் காய்ச்சிக் குடிக்கிறாரா? அப்ப கடுகடுன்னுதான் இருப்பாரு. நான் ஆயுதத்தக் கீழ வச்சுட்டு, எங்கிட்ட கருவாடு இருக்கு, சுடட்டுமான்னு கேக்குறேன்.” சண்டை நடக்கவில்லை. அக்கா அதைத் தன் ஃபைலில் குறித்துவைத்தார்.

ஒன்றரை வருடம் இப்படிப் போனது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் துணிப்பை காணாமல் போனது. உள்ளே மிகப் பழைய பதிப்பின் புத்தகமும் கறுப்பு ஃபைலும். முப்பது வருட எழுத்து. வீட்டுக்குப் போன பிறகுதான் பை கையில் இல்லை என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. தோழிக்குப் போன் போட்டார். அவர் மறுநாள் இரவு போய்த் தேடினார், இல்லை. அந்த ஞாயிறு கடைசியாக அறையில் இருந்தது செல்வராசு. நாங்கள் கீழே போன பிறகு நாற்காலிகளை வரிசையாகப் போட்டுவிட்டு, சாவியைக் கொண்டு வந்து கொடுப்பது எப்போதும் அவர்தான்.

அடுத்த ஞாயிறு செல்வராசு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. அக்கா இரண்டுமுறை போன் பண்ணினார், எடுக்கவில்லை. “வேலையா இருக்கும்” என்றார். எனக்கு அது அசட்டுத்தனமாகப் பட்டது. மூன்றாம் வாரம் ஒரு புதன்கிழமை மதியம் ஆபீஸ் சாப்பாட்டு நேரத்தில் நான் அந்தக் கடைக்குப் போனேன். முதலாளி கல்லாவில் இருந்தார். அன்று மாடியில் கடைசியாக இருந்தது உங்கள் மாஸ்டர்தான், அதிலிருந்து ஆள் எங்கள் பக்கமே வருவதில்லை, விலையுள்ள புத்தகம் காணோம் என்றேன். எவ்வளவு ஒழுங்காகச் சொன்னேன் என்பது இப்போதும் நினைவிருக்கிறது. ஆபீசில் அறிக்கை எழுதுவேனே, அதே வரிசை. முதலாளி கேட்டுக்கொண்டு, “நான் பாத்துக்கிறேன் சார்” என்றார். திரும்பி நடக்கும்போது எனக்குத் திருப்தியாக இருந்தது.

பை நாலாவது வாரம் கிடைத்தது. அந்தத் திங்கட்கிழமை காலையில் பெஞ்சில் பையைப் பார்த்த டியூஷன் ஆசிரியை, பிள்ளைகள் விட்டுப்போகும் பொருள்களை வைக்கிற அலமாரியில் அதை வைத்துப் பூட்டியிருக்கிறார். மறுநாளே பிரசவ விடுப்பில் போய்விட்டார். அலமாரிச் சாவியை அவர் கணவர் கொண்டு வந்து கொடுத்த அன்று, ஒரு தாள்கூடக் குறையாமல் பை உள்ளே இருந்தது. செல்வராசு வராததற்குக் காரணம் கல்யாண சீசன். ஞாயிறு தவறாமல் கடைக்கு வெளியே சமையல் ஆர்டர்.

பை கிடைத்ததைச் சொல்லி அவரைக் கூப்பிடத்தான் அக்கா கீழே கடைக்குப் போயிருக்கிறார். “அவர கிள்ளான் கடைக்கு மாத்திட்டேன். உங்க ஆளு வந்து சொன்னாரே” என்றிருக்கிறார் முதலாளி.

அக்கா மாடிக்கு வந்தபோது நான் மட்டும்தான் இருந்தேன். எதிரே உட்கார்ந்தார்.

“நீங்க அங்க போயி கேட்டீங்களா, சொன்னீங்களா?”

என் வாயில் பல பதில்கள் வந்தன. எல்லோரும்தான் சந்தேகப்பட்டார்கள், உங்களுக்காகத்தான் போனேன், முதலாளி இப்படிச் செய்வார் என்று எனக்கென்ன தெரியும். அவர் தலையாட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“சொன்னேன்” என்றேன்.

ஒரு மூச்சு விடுகிற நேரம். “சரி.” மற்றவர்கள் வந்ததும், “இன்னிக்கு ஆட்டம் இல்ல” என்றார். ஆறு வருடத்தில் அவர் ஆட்டத்தை நிறுத்தியது அன்று ஒருநாள்தான். எல்லோரும் போன பிறகு என்னிடம், “அடுத்த ஞாயிறு காலைல கிள்ளான் போவலாம். நீங்க வண்டி எடுங்க” என்றார்.

ஃபெடரல் ஹைவேயில் போகும்போது என்னென்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டே ஓட்டினேன். கடைக்குப் போனதும் அக்கா வாசல் பக்கத்து மேசையில் உட்கார்ந்து ஒரு தேநீர் சொன்னார். “நான் அப்புறமா பாத்துக்கிறேன். மொதல்ல நீங்க போங்க.”

செல்வராசு பின்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்தார், பழக்கத்தில். அடுக்கி வைத்ததில் பாதி மறந்துவிட்டது. பை கிடைத்துவிட்டது, நான்தான் முதலாளியிடம் சொன்னேன், தப்பு என்னுடையது என்று மட்டும் சொன்னேன்.

“பை பெஞ்சுல இருந்துச்சு, நான் பாத்தேன்” என்றார். “எடுத்துக் குடுத்திருக்கலாம். அடுத்தவுங்க பைய எதுக்குத் தொடணும்னு விட்டுட்டேன்.” கத்தியைத் துடைத்துக் கீழே வைத்தார். “அன்னிக்கு ஓனரு ரூமுக்கு வந்து என் பெட்டியத் தொறந்து கொட்டச் சொன்னாரு. கூட இருக்கவுங்க ஆறு பேரும் நிக்கிறாங்க. கொட்டுனேன். எம்பொண்ணுக்கு வாங்கி வச்சிருந்த கொலுசு வரைக்கும் கையில எடுத்துப் பாத்தாரு.”

அடுத்து அவரே கேட்டார்:

“அக்காவுக்கு இது தெரியுமா?”

“தெரியாது. மாத்துனது மட்டுந்தான் தெரியும்.”

“தெரிய வேணாம். தெரிஞ்சா, இனிமே என் மொகத்தப் பாக்குறப்பல்லாம் அவுங்களுக்கு அதான் வரும்.” பிறகு வெளியே எட்டிப் பார்த்து, “தனியா உக்காந்திருக்காங்களே” என்று கையைக் கழுவிக்கொண்டு போனார். இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் பின்கட்டிலேயே நின்றேன்.

திரும்பும் வழியில் அக்கா கேட்பார் என்று காத்திருந்தேன். ஷா ஆலாம் தாண்டியது, சுபாங் தாண்டியது. பெட்டாலிங் ஜெயா வரும்போதுதான் வாய் திறந்தார்.

“சொல்ல வேண்டியதச் சொல்லிட்டீங்களா?”

“சொல்லிட்டேன்க்கா.”

“சரி” என்றார். அதற்குமேல் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன். அவர் இதைப் படிக்கலாம், படிக்காமலும் இருக்கலாம். செல்வராசு ஊருக்குத் திரும்பிவிட்டார். போன மாதம் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

கிள்ளான் போய் வந்த இரண்டாவது ஞாயிறு, விடுப்புக் கேட்டுக்கொண்டு, கொமுட்டர் ரயில் ஏறி செல்வராசு வந்தார். மேசையில் இரண்டு நாற்காலி காலியாக இருந்தன. ஒன்று என் பக்கத்தில், அவர் வழக்கமாக உட்காருவது. மற்றது எதிர்ப்பக்கம், அக்காவுக்கு அடுத்து. அக்கா புத்தகத்தில் பக்கம் தேடிக்கொண்டிருந்தார். செல்வராசு மேசையைச் சுற்றிப் போய் அக்காவுக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவர் மறுபடி என் பக்கத்தில் வந்து உட்கார எட்டு மாதம் ஆயிற்று. என் பக்கத்து நாற்காலி அதுவரை காலியாகவே கிடந்தது. யாரையும் இடம் மாறி உட்காரும்படி அக்கா சொல்லவில்லை, அந்த நாற்காலியை எடுத்து ஓரமாகப் போடவும் விடவில்லை.